ஏழு மீட்டர்

ஜனவரி 9

அன்புள்ள மகளுக்கு,

முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னித்துவிடு. ஒரு எழுத்து மேட்டில் நிற்கிறது, அடுத்தது பள்ளத்தில் கிடக்கிறது. கோடு போட்ட தாள்தான் வாங்கினேன், ஆனால் என் பேனா கோட்டை மதிப்பதில்லை. அறுபத்தெட்டு வயதில் எழுதப் பழகினால் இப்படித்தான் இருக்கும் என்று மாலைப்பள்ளி டீச்சர் சொல்கிறார். இந்த ஒரு கடிதத்துக்கு நான்கு நாள் ஆகும். ஆகட்டும். நான் நலம். நீ நலமா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் பேசலாமே என்பாய். முப்பத்தெட்டு வருஷம் லாரி இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த காது இது. நேரில் முகம் பார்த்து உரக்கப் பேசினால் கேட்கும், போனில் நீ பேசுவது எனக்குக் கொசு பாடுவதுபோல் இருக்கிறது. நீ வைத்ததும் எதிர்வீட்டுத் தையல் அக்கா, “என்ன சொன்னா உங்க பொண்ணு?” என்று கேட்பாள். எதற்கும் ஒரே பதில்தான் என்னிடம்: “நல்லா இருக்காளாம்.” கடிதத்தில் நீ பேசினால் ஒரு சொல்லும் தவறாது.

செய்தி இதுதான். ஊருக்கு வெளியே உங்கள் கம்பெனி கட்டிய பெரிய குடோன் இருக்கிறதே, அங்கிருந்து நெடுஞ்சாலைக்குப் போகும் லாரியெல்லாம் போன மாதத்திலிருந்து நம் தெரு வழியாகத்தான் போகின்றன. ஊரே வளர்ந்துவிட்டது, வண்டி வளராதா? மற்றவர்களுக்குத் தொல்லை. எனக்கு அந்தச் சத்தம் அவ்வளவாகக் கேட்பதில்லை. தரை அதிர்வது மட்டும் உள்ளங்காலில் தெரியும். வாசலில் உட்கார்ந்து லாரிகளைப் படிக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. நான் கிளீனராக இருந்தபோது நம் வண்டியின் பின்கதவைத் தினமும் துடைப்பேன். அதில் சிவப்பில் இரண்டு சொல் இருக்கும். முதலாளியின் பெயர் என்று நினைத்திருந்தேன். போன வாரம் ஒரு லாரியில் அதே இரண்டு சொல்லைப் பார்த்து எழுத்துக் கூட்டினேன். ‘ஒலி எழுப்பவும்.’ மகளே, பின்னால் வந்து ஹார்ன் அடித்தவர்களையெல்லாம் நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன்! நாங்கள் எழுதி வைத்ததைத்தான் அவர்கள் செய்திருக்கிறார்கள்.

தெருமுனையில் வெள்ளைப் பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள். அதையும் படித்துவிட்டேன். ‘சரக்கு வாகன வழி. சாலை அகலம் 7 மீட்டர்.’ நடுத்தெரு வளைவில் டிரைவர்களுக்கு இடப்பக்கம் தெரிவதில்லை. நான் போய் நின்று வழி காட்டுகிறேன். வண்டியின் உடம்பில் ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. அந்தப் பாஷை இன்னும் மாறவில்லை.

எந்த லாரி எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்லும் இடத்தில்தானே நீ வேலை பார்க்கிறாய்? அது எப்படி நடக்கிறது என்று எழுது. குளிர் அதிகம் என்றால் காதை மூடிக்கொள்.

உன் அப்பா

◆

ஜனவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் (முக்கால் உண்மை). உங்கள் கால் வீக்கம் இப்போது எப்படி இருக்கிறது?

கடிதத்தை ஆபீஸில் பிரித்தேன். என் முகத்தைப் பார்த்துப் பக்கத்து மேஜைக்காரர் “யாருக்கு என்ன ஆச்சு?” என்று எழுந்தே வந்துவிட்டார். “ஒண்ணும் ஆகலை. எங்கப்பா எழுதியிருக்காரு” என்றேன். அவருக்குப் புரியவில்லை.

என் வேலையைக் கேட்டிருந்தீர்கள். முன்னால் ஒரு திரை. அதில் ஊர்களும் சாலைகளும் கோடுகளாக இருக்கும். ஒவ்வொரு லாரியும் ஒரு பச்சைப் புள்ளி. நான் ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்தால் புள்ளி அதன்மேல் நகரும். அவ்வளவுதான்.

அப்பா, பலகையில் ஏழு என்றுதான் இருக்கிறதா? நன்றாகப் பார்த்தீர்களா? ஒரு நாளைக்கு எத்தனை வண்டி வருகிறது? இரண்டு பக்கமிருந்தும் வருகின்றனவா? தையல் அக்கா என்ன சொல்கிறார்?

தயவுசெய்து வளைவில் நிற்காதீர்கள். மருந்தை மறக்காதீர்கள்.

உங்கள் மகள்

◆

பிப்ரவரி 2

அன்புள்ள மகளுக்கு,

நலம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. உன் முக்கால் உண்மையை முழு உண்மையாக்கு.

பச்சைப் புள்ளி பற்றி எழுதியிருந்தாய். அதை மூன்று முறை படித்தேன். இவ்வளவு பெரிய வண்டி உனக்கு ஒரு புள்ளி! அதில் என்ன இருக்கிறதென்று திரையில் தெரியுமா? நேற்று ஒரு லாரி நிறையக் கதவுகள் போயின. வெறும் கதவுகள். எங்கேயோ இருநூறு வீடு கதவில்லாமல் திறந்து கிடக்கிறது, இந்த வண்டி போய்த்தான் அவர்கள் தாழ்ப்பாள் போட வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை காலம் தார்ப்பாய் கட்டிக் கயிறு இழுத்தேனே, ஒரு நாளும் இப்படித் தோன்றவில்லையே.

நீ கேட்டபடி எண்ணினேன். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நூற்று நாற்பது. இரண்டு பக்கமிருந்தும்தான் வருகின்றன.

ஏழு மீட்டர் என்றால் எவ்வளவு என்று பார்க்க ஆசை வந்தது. தையல் அக்காவிடம் டேப் கேட்டேன்.

“சட்டை அளக்கிற டேப்புல ரோட்டை அளக்கப் போறீங்களா பெரியவரே?”

“ரோட்டுக்கு ஒரு சட்டை தைக்கலாம்னுதான்மா.”

“அப்ப கைவெச்ச சட்டையா தைப்போம், ரெண்டு பக்கமும் லாரி வருதே.”

அவளே வந்து ஒரு முனையைப் பிடித்தாள். இரண்டு லாரிக்கு நடுவே கிடைத்த நேரத்தில் ஓடி ஓடி அளந்தோம். வளைவில் மூன்று முழு டேப், அதற்குமேல் அறுபது சென்டிமீட்டர். டீச்சர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஐந்து மீட்டர் பத்து. பலகை எழுதிய பெயின்டர் தூக்கக் கலக்கத்தில் இருந்திருப்பார். உங்கள் ஆட்களிடம் சொல்லித் திருத்தச் சொல்.

அக்காவுக்குத்தான் கஷ்டம். லாரி போகும்போது மிஷின் ஊசி துள்ளுகிறது. “என் தையல் எல்லாம் உங்க கையெழுத்து மாதிரி ஆயிடுச்சு” என்கிறாள். அந்த முன்னறைதான் அவளுக்குக் கடை, அதுதான் பிழைப்பு.

தலைக்கு எண்ணெய் வை. பதில் போடு.

உன் அப்பா

◆

மார்ச் 4

அன்புள்ள மகளுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. வேலை அதிகமாக இருக்கும். உடம்புக்கு ஒன்றுமில்லையே? நான் நலம். இந்த முறை கையெழுத்து இன்னும் மோசம். பேனா சரியில்லை.

வளைவில் வண்டிகள் சிக்குகின்றன என்று புகார் போய், நகராட்சியிலிருந்து இன்ஜினியர் வந்தார். அளந்தார். ஐந்து பத்து என்றுதான் அவருக்கும் வந்தது. பெயின்டரைத்தான் திட்டப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தையல் அக்காவைப் பார்த்து, “ஏட்டுல ஏழு மீட்டர் இருக்கு. மீதி ஒண்ணு தொண்ணூறு எங்கம்மா போச்சு?” என்று கேட்டார். அவள், “நான் என்ன சார் ரோட்டைச் சுருட்டி அலமாரியில வெச்சிருக்கேனா?” என்றாள். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் அவள் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு போட்டுவிட்டார்கள். நம் பக்கம் பெரிய வடிகால் ஓடுவதால் இந்தப் பக்கம் தொடவில்லை. அவள் வீட்டில் கோடு முன்னறைக்குள்ளேயே போகிறது. மிஷினுக்கு அந்தப் பக்கம். நோட்டீஸும் கொடுத்தார்கள். அவளுக்குப் படிக்கத் தெரியும், ஆனாலும் என்னிடம் நீட்டி, “என் கண்ணு பொய் சொல்லுது, நீங்க படிங்க” என்றாள். படித்தேன். ‘பொதுச் சாலையில் 1.90 மீட்டர் ஆக்கிரமிப்பு.’ ஏப்ரல் பதினாறாம் தேதி விசாரணை. அதற்குள் ஏழு மீட்டர் தவறு என்று எழுத்தில் காட்டாவிட்டால் இடிப்பார்கள்.

படிக்கக் கற்றதற்கு அன்று ஒரு நாள்தான் வருந்தினேன்.

அந்த ஏழு எங்கிருந்து வந்தது என்று உன் ஆபீஸில் விசாரித்துச் சொல். உடம்பைக் கவனி.

அப்பா

◆

மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன், முடியவில்லை. மன்னியுங்கள்.

உங்கள் எழுத்துகள் முன்பு வலப்பக்கம் சாய்ந்திருக்கும். இந்தக் கடிதத்தில் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. காயாத மையைக் கை துடைத்துக்கொண்டே போயிருக்கிறது. வலக்கையால் எழுதினால் அப்படி ஆகாது.

எந்தக் கையால் எழுதுகிறீர்கள்? உங்கள் வலக்கைக்கு என்ன ஆயிற்று? மறைக்காமல் எழுதுங்கள்.

மகள்

◆

மார்ச் 19

அன்புள்ள மகளுக்கு,

நலம் என்று எழுதினால் இனி நம்பமாட்டாய். ஆனாலும் நலம்தான். நீ போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவள்! நான் மறைத்ததை, நான் எழுதிய எழுத்தே உன்னிடம் போய்ச் சொல்லிவிட்டதே. இரண்டு நாள் அதையே நினைத்து வியந்துகொண்டிருந்தேன்.

பிப்ரவரி பதினெட்டு, காலை பதினொரு மணி. வளைவில் இரண்டு லாரி எதிரெதிரே வந்துவிட்டன. டிரைவர்கள் மேல் தவறில்லை. இருவருமே பலகையைப் படித்தவர்கள். ஏழு மீட்டரில் இரண்டு வண்டி தாராளமாக விலகலாம் அல்லவா? ஒருவர் பின்னால் எடுத்தார். வால் என் பக்கம் வீசி வந்தது. ‘நில்’ என்று ஒரு தட்டு தட்டினேன். கையை எடுப்பதற்குள் வண்டிக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. மணிக்கட்டில் இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. மாவுக்கட்டு. அந்த டிரைவர் என்னைவிட அதிகம் அழுதார், பாவம்.

தையல் அக்கா மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவருகிறாள். “எந்தக் கையால ஊட்டணும் பெரியவரே, சொல்லுங்க” என்று கிண்டல் வேறு. அவள் வீட்டைத்தான் இடிக்கப்போகிறார்கள், அவள் எனக்குச் சிரிப்புக் காட்டுகிறாள்.

ஒரு லாபம் உண்டு. இப்போது எனக்கு இரண்டு கையாலும் எழுதத் தெரியும். இவ்வளவு படித்த உனக்கு ஒரு கைதான்.

நீ கவலைப்பட்டுப் பட்டினி கிடக்காதே. அந்த ஏழு பற்றி ஏதாவது தெரிந்ததா?

அப்பா

◆

ஏப்ரல் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். கட்டு எப்போது பிரிப்பார்கள்? வலி இருக்கிறதா? இதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அந்த ஏழு என்னிடமிருந்து வந்தது.

புது வழி ஒன்றைச் சேர்க்க ஒரு படிவம் நிரப்ப வேண்டும். சாலையின் பெயர், நீளம், அகலம். சாலையை அளக்கும் ஆள் அப்போது விடுப்பில் இருந்தார். மேலாளர், “அது உன் ஊருதானே, உனக்கே தெரியாதா?” என்றார். தெரியும் என்றேன். கண்ணை மூடிக்கொண்டேன். நம் வாசலில் உங்கள் லாரி நின்றது. நீங்கள் வாளியும் துணியுமாகக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தீர்கள். மறுபக்கம் நாங்கள் கட்டம் வரைந்து நொண்டி விளையாடினோம். நடுவே சைக்கிள்கள் போய்வந்தன. எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. எனக்கு அப்போது ஆறு வயது. ஆறு வயதுக் காலுக்கு நம் தெரு எவ்வளவு அகலம் தெரியுமா அப்பா?

ஏழு என்று எழுதினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை.

அந்தப் படிவத்துக்கு முத்திரை வைத்து நகராட்சிக்கு அனுப்பினார்கள். நகராட்சியிடம் நம் தெருவுக்கு வேறு அளவே இல்லை. என் எண் அவர்கள் எண் ஆகிவிட்டது. உங்கள் முதல் கடிதத்தைப் படித்தபோதே எனக்கு இது தெரியும். சொல்லப் பயந்து ஒரு மாதம் இருந்தேன். அந்த மாதத்தில்தான் உங்கள் கை உடைந்திருக்கிறது.

இந்தக் கடிதத்தைப் பதினாறாம் தேதி விசாரணையில் எல்லோர் முன்னாலும் படித்துவிடுங்கள். தாளின் பின்பக்கம் முழுப் பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

உங்கள் மகள்

◆

ஏப்ரல் 7

என் மகளுக்கு,

வலி இல்லை. அடுத்த வாரம் கட்டுப் பிரிப்பார்கள். நீ தூங்குகிறாயா?

உன் கடிதத்தை ஒரு முழு நாள் படித்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வேறொன்று வந்தது, அதற்குப் பெயர் தெரியவில்லை. ஒரு லாரியை ஓரடி நகர்த்த நான் ஜாக்கி போட்டிருக்கிறேன், கல் வைத்திருக்கிறேன், தோள் கொடுத்திருக்கிறேன். நீ நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரே ஒரு எண் எழுதினாய். நூற்று நாற்பது லாரி திரும்பி நம் தெருவுக்குள் வந்தன. அந்த எண் இன்ஜினியரை வரவழைத்தது, சுவரில் கோடு போட்டது, என் கையை உடைத்தது. எழுத்து இவ்வளவு கனமானதா? நான் அதை விளையாட்டாக அல்லவா படித்துக்கொண்டிருந்தேன்!

ஆனால் இதை நான் விசாரணையில் படிக்கமாட்டேன். உன் வேலை போய்விடும். எழுதப் படிக்கத் தெரியாததால் நான் கடைசிவரை டிரைவர் சீட்டில் உட்காரவில்லை. நீ படித்து ஒரு நாற்காலி வாங்கினாய். இப்போது நான் படித்து அதைப் பிடுங்குவதா?

தையல் அக்கா நேற்று, “பொண்ணு கடுதாசி வந்துச்சே, என்ன எழுதியிருக்கா?” என்று கேட்டாள். “நல்லா இருக்காளாம்” என்றேன். இந்தத் தடவை காது கேட்காமல் சொன்னதல்ல அது. அவள் கொண்டுவந்த சாப்பாடு இறங்கவில்லை.

என்ன செய்யலாம், நீயே சொல்.

அப்பா

◆

ஏப்ரல் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நேற்று நன்றாகத் தூங்கினேன், பல வாரங்களுக்குப் பிறகு. ஏனென்றால் உங்கள் கடிதம் வருமுன்பே மேலாளரிடம் சொல்லிவிட்டேன். என்ன செய்வார்கள் என்று தெரியாது.

வேலையில் சேர்ந்த முதல் நாள் நான் போட்டிருந்த உடுப்பு தையல் அக்கா தைத்தது. அந்த முன்னறையில் என்னை நிறுத்தி அளவெடுத்தபோது, “உள்ளே ரெண்டு விரல் துணி விட்டிருக்கேன், நீ வளருவே, பிரிச்சுக்கலாம்” என்றார். என் உடுப்புக்கே அவ்வளவு யோசித்தவர் வீட்டை நான் கண்ணை மூடிக்கொண்டு அளந்திருக்கிறேன்.

படியுங்கள் அப்பா. நாற்காலி போனால் போகட்டும், நிற்கக் கால் இருக்கிறது. கட்டுப் பிரித்ததும் கையை உடனே வேலைக்கு விடாதீர்கள்.

உங்கள் மகள்

◆

ஏப்ரல் 21

அன்புள்ள மகளுக்கு,

கட்டுப் பிரித்தாயிற்று. கை மெலிந்து வேறு யாருடையதோ போல் இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? வேலை இருக்கிறதா? முதலில் அதை எழுது.

விசாரணை நகராட்சிக் கூடத்தில் நடந்தது. தெரு முழுவதும் வந்திருந்தது. அக்காவைக் கூப்பிட்டபோது நான் எழுந்து, எழுத்தில் ஆதாரம் இருக்கிறது என்று சொல்லி உன் கடிதத்தை எடுத்தேன். முதல் வரியே எழுத்துக் கூட்டித்தான் வந்தது. இன்ஜினியர் கையை நீட்டினார்.

“கொடுங்க பெரியவரே, நான் படிச்சுக்கறேன். நேரமாகுது.”

“இது எனக்கு வந்த கடுதாசி சார். நான்தான் படிப்பேன். உங்களுக்கு அவசரம்னா டீ குடிச்சுக்கிட்டே கேளுங்க.”

பின்னால் சிரித்தார்கள். ‘அந்த ஏழு என்னிடமிருந்து வந்தது’ என்று நான் படித்ததும் சிரிப்பு நின்றது. அதன் பிறகு இருபது நிமிஷம் ஒருவரும் இருமவில்லை. ஆறு வயதுக் கால் வந்த இடத்தில் எனக்கு எழுத்து கலங்கிவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை. இன்ஜினியர் முன்னால் வைத்த டீ ஆறிப்போயிருந்தது. என் குரலில் ஒரு கூடமே உன்னைக் கேட்டது, மகளே. பேசியது நானா நீயா என்று எனக்கே தெரியவில்லை.

இன்ஜினியர் கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார். ஆக்கிரமிப்பு நோட்டீஸ் ரத்து என்று அங்கேயே எழுதினார். பெரிய லாரியெல்லாம் இனிக் கல்குவாரி ரோடு வழியாகப் போக வேண்டும். ஒன்பது கிலோமீட்டர் சுற்று. நம் ஊர்க் கடைகளுக்குச் சரக்கு இறக்கும் சின்ன வண்டிகள் மட்டும் பத்து மணியிலிருந்து பன்னிரண்டுவரை வரலாம், ஒரே திசையில். கடைக்கும் சாமான் வர வேண்டுமே.

தையல் அக்கா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் வாசலில் இருந்தது. மூன்றாம் நாள் வந்து டேப்பை என் மடியில் போட்டாள். “இதை உங்க பொண்ணுக்கு அனுப்புங்க. இன்னொரு தெருவைக் கண்ணை மூடிக்கிட்டு அளந்து வைக்கப் போறா.” போய்விட்டாள். பாதித் தெருவிலிருந்து திரும்பி, “சாப்பிடறாளான்னு கேளுங்க” என்றாள்.

டேப் இத்துடன் இருக்கிறது. சாப்பிடுகிறாயா?

அப்பா

◆

ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். சாப்பிடுகிறேன், அக்காவிடம் சொல்லுங்கள். உறைமேல் உள்ள விலாசம் ஒரு லாட்ஜுடையது. தினம் ஒரு ஊராக இருப்பதால்தான் தாமதம்.

வேலை இருக்கிறது, நாற்காலி இல்லை. திரையிலிருந்து எடுத்துச் சாலை அளக்கும் பிரிவில் போட்டுவிட்டார்கள். தண்டனை என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நான் கோடாகப் பார்த்த சாலைகளில் இப்போது நடக்கிறேன். கல்குவாரி ரோட்டுக்குப் படிவத்தில் ‘குடியிருப்பு இல்லை’ என்று இருந்தது. போய்ப் பார்த்தேன். பதினொரு வீடு இருக்கிறது, அப்பா. ஒவ்வொரு கதவையும் தட்டினேன். அவர்கள் தூங்கும் நேரம், தண்ணீர் பிடிக்கும் நேரம் எல்லாம் எழுதிக்கொண்டேன். அந்த இடத்தில் லாரிகள் வேகம் குறைக்க வேண்டும், இருட்டியபின் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்து ஒப்புக்கொள்ள வைத்தேன்.

இப்போது ஒரு கஷ்டமான விஷயம். நம் ஊர்த் துணைமின் நிலையத்துக்குப் புது டிரான்ஸ்ஃபார்மர் வருகிறது. நூற்றுப் பத்து டன். கல்குவாரி ரோட்டுப் பாலம் அந்தப் பாரத்தைத் தாங்காது. நம் தெரு ஒன்றுதான் வழி. வண்டியோடு அகலம் நான்கு மீட்டர் இருபது. ஒரே ஒரு முறை, பகலில். தெரு சம்மதித்தால்தான். யாரையும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். வளைவை வந்து அளந்து சொல்ல வேண்டியவள் நான்.

வரட்டுமா? கேட்டு எழுதுங்கள். அன்று நீங்கள் மொட்டைமாடியில்தான் நிற்க வேண்டும்.

உங்கள் மகள்

◆

ஜூலை 10

அன்புள்ள மகளுக்கு,

கை நலம், கால் நலம், காது பழையபடி. நீ போய்ச் சேர்ந்தாயா? வெயிலில் அன்று முகம் கறுத்திருந்தது.

இரண்டு நாள் நம் தெருவில் இருந்தாய், ஆனால் நாம் பத்துச் சொல்கூடப் பேசவில்லை. முதல் நாள் முழுக்க நீ தரையில் குனிந்து சாக்கட்டியால் கோடு போட்டாய். மறுநாள் வண்டியோடு வந்தாய். அதனால் எழுதுகிறேன்.

நீ வருவதற்கு முந்தின வாரம் தெருவில் பெரிய சண்டை. “ரெண்டு மாசம் முன்னாடிதான் வராதேன்னோம், இப்ப வான்னு சொல்லணுமா? நாளைக்கு இன்னொண்ணு வரும்” என்று கடைசி வீட்டுக்காரர் கத்தினார். எல்லோரும் தையல் அக்காவைப் பார்த்தார்கள். வளைவில் இருப்பது அவள் சுவர். அவள் தன் சுவரைத் தடவிப் பார்த்தாள். பிறகு, “யார் அளக்கறா?” என்று கேட்டாள். நான் சொன்னேன். “அவளா? அப்ப வரட்டும். அவ ஒருத்திதான் இந்தத் தெருவை இனிமே தப்பா அளக்க மாட்டா.” சண்டை அதோடு முடிந்தது. இதை நான் அன்று உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன் சாக்கட்டிக் கோடும் என் கையெழுத்து மாதிரி ஆகியிருக்கும்.

நீ சொன்னபடி மாடியில்தான் நின்றேன். எல்லா மாடியிலும் ஆட்கள். முதலில் உள்ளங்காலில் வந்தது அது. கட்டடமே மெல்ல மூச்சுவிடுவதுபோல். பிறகு முனையில் திரும்பியது. மகளே, என் வாழ்நாளில் லாரி பார்க்காத நாள் இல்லை, அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தொண்ணூற்றாறு சக்கரம். மேலே வீடு மாதிரி ஒரு இரும்பு, சாம்பல் நிறம். ஓர் ஊரின் விளக்கெல்லாம் அதற்குள் இருக்கிறது என்றால் நம்ப முடிகிறதா? அது நடக்கும் மனிதனைவிட மெதுவாக வந்தது. அதற்கு முன்னால், ஆரஞ்சு மேல்சட்டை போட்டுக்கொண்டு, அதற்கு முதுகு காட்டாமல் பின்னோக்கி நடந்து வந்தாய் நீ. நூற்றுப் பத்து டன் உன் கையைப் பார்த்துக்கொண்டு வந்தது.

வளைவில் எனக்குத் தெரிந்துவிட்டது, வால் அக்காவின் சுவரில் இடிக்கும் என்று. அந்த வீச்சு எனக்குத் தெரியாதா? கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் நீ கையை உயர்த்தினாய். நின்றது. நீ தரையில் குப்புறப் படுத்தாய், முகத்தைத் தாரில் வைத்து, சக்கரங்களுக்குக் கீழே பார்த்தாய். எழுந்து பின்னால் போனாய். பின்சக்கரங்களை மட்டும் தனியே திருப்பச் சொன்னாய். ஒரு விரல் தூக்கினாய், கொஞ்சம். இன்னும் ஒரு விரல், இன்னும் கொஞ்சம். பின்பக்கம் மட்டும் அந்தப் பக்கம் நகர்ந்தது, பசு ஒதுங்கிக்கொள்வதுபோல். பின்பக்கம் அப்படித் தனியாகத் திரும்பும் என்பதே எனக்குத் தெரியாது. என் வாய் திறந்தபடியே இருந்தது என்று பக்கத்து மாடியில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சுவருக்கும் அதற்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. அக்கா உள்ளே தன் முன்னறையில் இருந்தாள், வெளியே வரமாட்டேன் என்றுவிட்டாள். ஜன்னல் கம்பிக்கு வெளியே உள்ளங்கையை நீட்டி வைத்திருந்தாள். அந்த இரும்பு முழு நீளமும் அவள் கையை உரசிக்கொண்டு போனது. பிறகு கேட்டேன். “சில்லுனு இருந்துச்சு பெரியவரே. என் சுவர்மேல ஒண்ணுமே படாம எவ்வளவு பெரிசு போச்சு!” என்றாள்.

நீ நம் வாசலைத் தாண்டியபோது உள்ளே வரவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, மாடியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடைசி வீட்டுக்காரர் என்னிடம், “என்னங்க, பெத்த அப்பாவை ஒரு பார்வை பார்க்கலையே?” என்றார். “அவ சரக்கு இன்னும் இறங்கலையேங்க” என்றேன். சொன்னபோது என் குரல் எனக்கே கேட்டது. அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

இதை எழுதவே ஐந்து நாள் ஆகிவிட்டது. பின்சக்கரம் எப்படித் திரும்புகிறது, உன்னிடம் யார் சொன்னார்கள், படுத்தபோது கீழே என்ன தெரிந்தது, எல்லாம் கேட்க வேண்டும். விரல் வலிக்கிறது, தாளும் தீர்ந்துவிட்டது. புதன்கிழமை புதுத் தாள் வாங்கி, அடுத்த வாரம் மிச்சத்தைக் கேட்க உட்காருவேன். அப்போது எந்த ஊரில் அளந்துகொண்டிருப்பாய் என்று மட்டும் ஒரு வரி போடு.

உன் அப்பா